குற்ற ஒப்புதலும் எண்பிக்கும் சுமையும்: பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிய ஒரு சட்ட வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் சட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசியலமைப்புகளையும் பெருஞ் சட்டங்களையுமே தமது கவனத்துக்கு எடுத்துக்கொள்வர். நீதிமன்றிலே எச்சான்று ஏற்கப்படும், எச்சான்று தள்ளப்படும் என வகுக்கும் விதிகளைச் சட்டத்தரணிகளுக்கு மட்டுமே உரிய நுட்பங்களெனக் கருதி ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆயின், அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையிலான உறவு தன் மெய்யான உருவிலே வெளிப்படுவது இத்தகைய நுட்பங்களிலேதான். அரசியலமைப்பு வழங்குவதாகக் கூறும் உரிமையொன்றைச் சான்றுச் சட்டத்தின் ஒரு சிறு பிரிவு மீளப் பெற்றுக்கொள்ளக்கூடும்.

இக்கட்டுரையில் அத்தகைய ஒரு விதியின் வரலாற்றையே நாம் ஆராய முனைகின்றோம். காவலில் உள்ள ஒருவர் பொலிசாருக்கு அளித்த குற்ற ஒப்புதல் அவருக்கு எதிராக எண்பிக்கப்படலாகாது என்பதே அவ்விதி. இலங்கையில் 1895ஆம் ஆண்டு முதல் நிலவிவந்த இவ்விதியை 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் எல்லைக்குள் தலைகீழாக்கிற்று. இம்மாற்றத்தை மனித உரிமைச் சட்டத்தின் நோக்கிலே கண்டித்தபோது, அக்கண்டனம் அந்நியமானது, நாட்டின் இறைமைக்குப் பொருந்தாதது எனப் பதில் கூறப்பட்டது. அவ்வாறு மீறப்பட்ட நெறி எமது சொந்தச் சட்டத்தின் பழைய நெறியே என்பதை வரலாற்றின் துணைகொண்டு நிறுவுதல் எமது நோக்கமாகும்.

1. விதியின் தோற்றம்

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், சேர் ஜேம்ஸ் ஃபிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பெரிதும் அடியொற்றியது. அதன் மூன்று பிரிவுகள் இங்கு முக்கியமானவை. அதிகாரமுடைய ஒருவரின் தூண்டுதலாலோ அச்சுறுத்தலாலோ வாக்குறுதியாலோ ஒரு குற்ற ஒப்புதல் பெறப்பட்டதென நீதிமன்றுக்குத் தோன்றுமாயின் அது ஏற்புடையதாகாது என்கிறது 24ஆம் பிரிவு. பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் எதுவும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பிக்கப்படலாகாது என்கிறது 25ஆம் பிரிவு; வனத்துறை, மதுவரி உத்தியோகத்தருக்கு அவ்வத்துறைக் குற்றங்கள் குறித்து அளிக்கப்படும் ஒப்புதல்களுக்கும் இத்தடை விரிகின்றது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறெவருக்கேனும் அளித்த ஒப்புதலும், நீதவானின் நேரடி முன்னிலையில் அளிக்கப்பட்டாலன்றிச் செல்லாது என்கிறது 26ஆம் பிரிவு.

24ஆம் பிரிவில் உள்ள 'தோன்றுமாயின்' என்னும் சொல் மனங்கொள்ளத்தக்கது. தான் துன்புறுத்தப்பட்டதைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் எண்பித்தல் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நீதிபதியின் உள்ளத்தில் நியாயமான ஐயம் எழுதலே போதுமானது. பொலிசாரைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்குக்கூட இடம் வைக்காது முழுத் தடையையே சட்டம் விதித்தது.

இந்த அவநம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலே இவ்வாறான முழுத் தடை இருக்கவில்லை. இது இந்தியாவின் குடியேற்ற ஆட்சி அனுபவத்தில் விளைந்தது. அவ்வனுபவத்தின் ஒரு முக்கிய அத்தியாயம் தமிழ்ப் பிரதேசங்களை உள்ளடக்கிய சென்னை மாகாணத்திலே நிகழ்ந்தது. அம்மாகாணத்தில் நடைபெற்றதாகக் கூறப்பட்ட சித்திரவதைகளை விசாரித்த ஆணைக்குழு 1855ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. வரி அறவிடும் அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் அந்நாளில் ஒரே கையில் இருந்தன. நிலவரியைக் கறப்பதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடிகள் வெயிலில் நிறுத்தப்பட்டதையும், வளைத்துக் கட்டப்பட்டதையும், விரல்கள் மரச் சட்டங்களிடையே நெரிக்கப்பட்டதையும் அவ்வறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. 'கிட்டி' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கில அரசாங்க ஏடுகளில் இடம்பெற்றது இவ்வகையிலேயே. 1857ஆம் ஆண்டில் நியூயோர்க் டெய்லி ரிபியூன் இதழில் இந்தியச் சித்திரவதைகள் பற்றிக் கார்ல் மார்க்ஸ் எழுதிய கட்டுரைக்கும் சென்னை மாகாணம் பற்றிய இவ்வாவணங்களே ஆதாரமாயின.

இத்தகைய அறிக்கைகள் எழுப்பிய ஐயங்களின் பின்னணியிலேதான் 1861ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் பொலிசாருக்கு அளிக்கும் ஒப்புதலைத் தடைசெய்தது. அத்தடை 1872இல் இந்தியச் சான்றுச் சட்டத்திலும், 1895இல் இலங்கைச் சட்டத்திலும் இடம்பெற்றது. குடியேற்ற அரசு குடிகள்மீது கொண்ட பரிவினால் இதனைச் செய்ததென நாம் கொள்ளவேண்டியதில்லை. தன் சேவகர் காவலறையிலே என்ன செய்வர் என்பதை அது அறிந்திருந்தது. பொய்யான ஒப்புதல்களால் நீதிமன்றங்கள் மதிப்பிழக்கும் என்பதையும் உணர்ந்திருந்தது. ஆயின், ஒரு விதி பிறந்த நோக்கம் எதுவாயினும், மக்கள் அதனைத் தமது பாதுகாப்பாகக் கொள்ளும்போது அது மக்களின் உடைமையாகிவிடுகின்றது. இலங்கையிலும் அவ்வாறே ஆயிற்று.

2. முதல் விலகல்கள்

சுதந்திர இலங்கையில் இவ்விதியிலிருந்து விலகும் முயற்சி 1979இல் திடீரெனத் தோன்றியதன்று. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் மேற்கொண்ட சதி முயற்சி தோல்வியுற்றதைத் தொடர்ந்து, 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. அது பின்னோக்கி வலுப்பெற்றது. யூரியற்ற விசாரணைக்கு வழிவகுத்தது; குறைந்தபட்சத் தண்டனையாகப் பத்தாண்டுச் சிறையை விதித்தது; வேறு வழியில் ஏற்கப்படாத வாக்குமூலங்களை ஏற்பதற்கும் இடமளித்தது.

இருபத்துநால்வர் மீது சாட்டப்பட்ட அவ்வழக்கில் பதினொருவர் 1965 ஏப்பிரலில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்தது. லியனகே வழக்கு எனப் பின்னாளில் பொதுநலவாய நாடுகளெங்கும் எடுத்தாளப்பட்ட இத்தீர்ப்பின் சாரம் தெளிவானது. குறிப்பிட்ட சிலரைத் தண்டித்தற் பொருட்டு, நிகழ்ந்து முடிந்த செயலுக்குப் பின்னர், சான்றுச் சட்டத்தின் அடிப்படையையே மாற்றியமைத்தல் நீதித்துறை அதிகாரத்திற் குறுக்கிடுவதாகும் என்பதே அது. அரசு எதிர்நோக்கிய ஆபத்து பெரிது என்பதை மறுக்காமலே கோமறைக் கழகம் இம்முடிவுக்கு வந்தது என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

அவ்வழக்கின் எதிரிகள் ஆங்கிலக் கல்வி பெற்ற மேல்தட்டைச் சேர்ந்தவர்கள். இலண்டன் வரை சென்று வாதாடும் வசதி அவர்களுக்கு இருந்தது. 1971 ஏப்பிரற் கிளர்ச்சியின் பின்னர் காவலில் வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சிங்களக் கிராமப்புற இளைஞருக்கு அவ்வசதி இருக்கவில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும் அக்காலத்திலேயே ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம், வழமையான நீதிமன்றங்களுக்குப் புறம்பாக ஆணைக்குழுக்களை நிறுவி, சான்றுச் சட்டத்தின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, பொலிசாருக்கு அளித்த ஒப்புதல்களையும் ஏற்றுக்கொண்டது. ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை.

இச்சட்டத்தை இயற்றியது இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கமாகும். முற்போக்காளர் இதனை மறைக்கலாகாது. அன்று எதிர்த்தரப்பில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சி 1977இல் ஆட்சிக்கு வந்ததும் அச்சட்டத்தை நீக்கிற்று. தண்டனை பெற்றிருந்தோர் விடுவிக்கப்பட்டனர். ஆயின், இரண்டே ஆண்டுகளில் அதே ஆட்சி, தான் நீக்கிய சட்டத்தின் உட்பொருளை வேறொரு பெயரில், வேறொரு மக்கட் பிரிவினரை நோக்கி மீளக் கொண்டுவந்தது. ஓர் ஆட்சி உருவாக்கிய ஆயுதத்தை அடுத்த ஆட்சி எடுத்துக்கொள்ளும் என்ற பாடம் இங்கு தெளிவாகின்றது.

3. 1979ஆம் ஆண்டுச் சட்டம்

எழுபதுகளின் நடுப்பகுதி முதலாக வடக்கிலே பொலிஸ் உத்தியோகத்தரும் அரசியற் பிரமுகரும் கொல்லப்பட்டுவந்தனர். 1978இல் தமிழீழ விடுதலைப் புலிகளையும் அதையொத்த அமைப்புகளையும் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 1979 யூலையில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்ட அதே மாதத்தில், 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. மசோதா உயர் நீதிமன்றின் முன் வந்தபோது, மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அதனை நிறைவேற்ற அமைச்சரவை முன்பே தீர்மானித்திருந்தமையால், மக்கள் தீர்ப்பும் தேவையா என்ற கேள்வியே எஞ்சியது. தேவையில்லை என நீதிமன்றம் முடிவு கூறியது. ஒருமுறை சட்டமாகிய ஒன்றின் செல்லுபடித்தன்மையை எந்நீதிமன்றிலும் வினவ 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை இடமளிக்காதபடியால், சட்டத்தின் உள்ளடக்கம் அடிப்படை உரிமைகளுக்கு இயைபுடையதா என்ற வினா முழுமையாக ஆராயப்படாமலே போயிற்று.

மூன்றாண்டுகளுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம் 1982ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்தால் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் பின்னரும் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் தொடர் அதன் பெயரில் நிலைத்திருந்தது. அமைச்சரின் கட்டளையின் கீழ் மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்து வைக்க 9ஆம் பிரிவு வழிசெய்தது. அக்கட்டளையை நீதிமன்றில் வினவலாகாது என்றது 10ஆம் பிரிவு.

எமது ஆய்வுக்கு உரியவை 16ஆம், 17ஆம் பிரிவுகளாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம், 26ஆம், 30ஆம் பிரிவுகள் இச்சட்டத்தின் கீழான வழக்குகளுக்குப் பொருந்தாவென 17ஆம் பிரிவு விலக்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்ட பதவியினரோ பெற்ற வாக்குமூலம், காவலில் அளிக்கப்பட்டதாயினும், அளித்தவருக்கு எதிராக எண்பிக்கப்படலாம் என்றது 16ஆம் பிரிவு. 24ஆம் பிரிவின்படி அது ஏற்கத்தகாதது என்பவரே அதனை எண்பித்தல் வேண்டும் என்றும் விதித்தது. 'தோன்றுமாயின்' என்ற பழைய சொல்லின் இடத்தை 'எண்பிக்குக' என்ற கட்டளை எடுத்துக்கொண்டது.

இப்பிரிவிலே வேறொரு நுட்பமும் உண்டு. ஒருவரின் வாக்குமூலத்தை அவருடன் கூட்டாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பிறருக்கு எதிராகப் பயன்படுத்துவதாயின், முக்கிய விவரங்களில் வேறு சான்றினால் அது உறுதிப்படுத்தப்படல் வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. வாக்குமூலம் அளித்தவருக்கு எதிராகவோ அத்தகைய உறுதிப்பாடு கேட்கப்படவில்லை. காவலறையிற் பெற்ற வாக்குமூலத்தை முற்றாக நம்பவியலாது என்பதைச் சட்டம் வரைந்தோரே அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, எண்பிக்கும் சுமை நடைமுறையில் எத்தகையது என நோக்குவோம். பல மாதங்கள் உறவினரும் சட்டத்தரணியும் அணுகவியலாத இடத்தில் ஒருவர் வைக்கப்படுகின்றார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் அவரும் அவரைக் காவலில் வைத்தோருமே. காயங்கள் ஆறிவிடுகின்றன, சாட்சிகள் இல்லை, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோரும் காவலரே. இந்நிலையில், நிகழ்ந்ததை எண்பிக்கும் பொறுப்பைச் சான்றுகளையெல்லாம் தன் வசம் வைத்திருக்கும் தரப்புக்குக் கொடாமல், எதுவுமே இல்லாத தரப்புக்குச் சட்டம் கொடுத்தது.

4. ஒரு வழக்கின் பாடம்

இவ்விதியின் விளைவைச் சிங்கராசா வழக்கு தெளிவாகக் காட்டும். கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் 1993ஆம் ஆண்டு யூலையில் பலருடன் சேர்த்துக் கைதுசெய்யப்பட்டார். அவ்வாண்டு டிசெம்பரில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரின் முன் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்பட்டது. தமிழிற் கூறியதைச் சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவரும் பொலிஸ் கான்ஸ்டபிளே. அதனைத் தட்டச்சுச் செய்தவரும் அவரே. சிங்களம் அறியாத எதிரி அதிற் பெருவிரல் அடையாளமிட்டார். வடக்கிலே இராணுவ முகாம்களைத் தாக்கி அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதிசெய்தார் என்பது குற்றச்சாட்டு.

வாக்குமூலம் அச்சுறுத்தியும் துன்புறுத்தியும் பெறப்பட்டது என எதிரி கொழும்பு மேல் நீதிமன்றில் வாதிட்டார். முதுகில் தழும்புகளும் கண்ணிற் காயமும் இருந்ததைக் கூறும் மருத்துவச் சான்று நீதிமன்றின் முன் இருந்தது. எனினும், சுமையை அவர் நிறைவேற்றவில்லை எனக் கொண்ட நீதிமன்றம் வாக்குமூலத்தை ஏற்று, 1995இல் ஐம்பதாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைத்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் விசேட அனுமதி மறுத்தது. வாக்குமூலம் ஒன்றே அவருக்கு எதிரான சான்று.

குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில் இலங்கை 1980ஆம் ஆண்டு யூனில் இணைந்தது. தனிமனிதர் முறைப்பாடு செய்ய வழிவகுக்கும் அதன் விருப்பத்துக்குரிய உடன்படு ஏட்டில் 1997ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இணைந்தது. இவ்வழியே முறைப்பாடு ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவை அடைந்தது. 2004ஆம் ஆண்டு யூலையில் குழு தன் கருத்தை வெளியிட்டது. விசாரணை செய்த அதிகாரியும், மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த கான்ஸ்டபிளும் மட்டுமே இருந்த சூழலிற் பெற்ற ஒப்புதலையே நம்பித் தண்டித்தமை நியாயமான விசாரணை ஆகாது. ஒப்புதல் விருப்பத்துடன் அளிக்கப்பட்டதென எண்பிப்பது வழக்குத் தொடுநரின் கடன். இவையே அக்கருத்தின் மையம். சுமை மிக இலேசானது, விருப்பமின்மைக்கான சாத்தியம் ஒன்றே போதும் என்று அரச தரப்பு வாதிட்டது. எவ்வளவு இலேசாயினும் சுமை எதிரியின்மீதே உள்ளது எனக் குழு பதிலளித்தது. விடுதலையோ மறுவிசாரணையோ, உரிய நட்டஈடும், சட்டத்திருத்தமும் வேண்டும் என அது கோரிற்று.

5. இறைமை என்னும் வாதம்

இக்கருத்தின் அடிப்படையிலே தீர்ப்பை மீளாய்வு செய்யுமாறு உயர் நீதிமன்றிடம் கேட்கப்பட்டது. 2006 செத்தெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் கொண்ட ஆயம் அக்கோரிக்கையை நிராகரித்தது. பொருத்தனையில் இணைந்தமை அரசைச் சர்வதேச அளவிற் கட்டுப்படுத்தினும், பாராளுமன்றம் சட்டம் இயற்றினாலன்றி உள்நாட்டில் உரிமைகளை உருவாக்காது. தனிமனிதரின் முறைப்பாட்டைக் கேட்கும் அதிகாரத்தை வெளியார் குழுவொன்றுக்கு அளித்த 1997ஆம் ஆண்டுச் செயல், நீதித்துறை அதிகாரத்தை மக்கள் சார்பில் நீதிமன்றங்களுக்கே உரித்தாக்கும் அரசியலமைப்புக்கு முரணானது என ஆயம் கூறியது.

உள்நாட்டுச் சட்டமும் சர்வதேசச் சட்டமும் வெவ்வேறு தளத்தன என்னும் கோட்பாடு புதியதன்று. பிரித்தானிய மரபைப் பின்பற்றும் நாடுகள் பல அதனைக் கைக்கொள்கின்றன. ஆயின், உள்நாட்டு உரிமைகளுக்குப் பொருள் காணும்போது சர்வதேசக் கடப்பாடுகளைக் கருத்திற் கொள்ளல் அம்மரபுக்கு மாறானதன்று. 2000ஆம் ஆண்டில் வீரவன்ச வழக்கிலே இதே உயர் நீதிமன்றம், நீதியரசர் மார்க் பெர்ணான்டோவின் தீர்ப்பில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான தடுப்புக்காவலை ஆராயுங்கால் இப்பொருத்தனையை நோக்கிப் பார்வையைச் செலுத்தியிருந்தது. ஆறு ஆண்டுகளில் அவ்வழி அடைக்கப்பட்டது.

எமது முதன்மையான மறுப்பு வேறொன்று. மனித உரிமைக் குழு கூறிய நெறி வெளியிலிருந்து வந்த நெறியா? காவலிற் பெற்ற ஒப்புதலை ஐயுறுக, அதன் தூய்மையை எதிரியிடம் கேளாதே என்பது 1895ஆம் ஆண்டு முதல் எமது நீதிமன்றங்கள் நாள்தோறும் பின்பற்றிவந்த விதி. களவு, கொலை ஆகிய குற்றங்களுக்கு 1979இன் பின்னரும் அவ்விதியே நிலவியது. கோழி திருடியவனுக்கு உள்ள பாதுகாப்பு, ஐம்பதாண்டுச் சிறையை எதிர்நோக்குபவனுக்கு இல்லையாயிற்று. வெளிநாட்டுக் குழு இலங்கைக்குப் புதிய சட்டம் கற்பிக்கவில்லை. இலங்கை தன் பழைய சட்டத்தை மறந்ததை நினைவூட்டிற்று. அங்ஙனமாயின், இறைமையைக் காரணங்காட்டி அதனை மறுத்தல் பொருத்தமாகாது.

அரசியலமைப்பிலே வேறோர் இடர்ப்பாடும் உண்டு. குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியென ஊகிக்கப்படுதல் வேண்டும் என 13(5)ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயினும் குறிப்பிட்ட நிகழ்வுகளை எண்பிக்கும் சுமை சட்டத்தினால் எதிரியின்மீது வைக்கப்படலாம் என்ற காப்பு வாசகமும் அதிலுண்டு. 16ஆம் பிரிவுக்கு அரண் செய்வது இவ்வாசகமே. 'குறிப்பிட்ட நிகழ்வு' என்றால் என்ன? ஆயுதம் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் உண்டா என்பது குறிப்பிட்ட நிகழ்வு. அதனை எதிரி எளிதில் எண்பிக்கலாம். வழக்கு முழுவதும் ஒரே வாக்குமூலத்தின்மீது நிற்கும்போது, அவ்வாக்குமூலத்தைப் பொய்ப்பிக்கும் சுமை முழு வழக்கையும் பொய்ப்பிக்கும் சுமையாகிவிடுகின்றது. அப்போது காப்பு வாசகம் உறுப்புரையையே விழுங்கிவிடுகின்றது. எமது கருத்தில் 11ஆம் உறுப்புரையுடன் இதனைச் சேர்த்து வாசித்தல் வேண்டும். சித்திரவதையைத் தடுக்கும் அவ்வுறுப்புரை எவ்வித மட்டுப்பாட்டுக்கும் உட்படாதது.

6. பிற நாடுகளின் அனுபவம்

இப்பிரச்சினை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியா 1974 நவம்பரில் பர்மிங்காம் குண்டுவெடிப்பிலே இருபத்தொருவர் மாண்ட சில நாட்களுக்குள் தனது பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இயற்றிற்று. அதன் பெயரிலும் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற தொடர் இருந்தது. அக்குண்டுவெடிப்புக்காக 1975இல் ஆயுட்சிறை பெற்ற அறுவரின் ஒப்புதல்கள் நம்பத்தகாதனவென முடிவாகி 1991இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். உண்மையான குற்றவாளிகள் தண்டிக்கப்படவேயில்லை. வட அயர்லாந்திலே, டிப்லொக் ஆணைக்குழுவின் 1972ஆம் ஆண்டு விதப்புரையின் பேரில் ஒப்புதல் பற்றிய விதிகள் 1973இல் தளர்த்தப்பட்டன. ஆயினும் துன்புறுத்தல் நிகழ்ந்ததற்கு முதற்றோற்றச் சான்று காட்டப்பட்டால், அதனை மறுத்து எண்பிக்கும் சுமை அங்கும் வழக்குத் தொடுநருக்கே உரியதாயிற்று. இலங்கைச் சட்டம் அந்த எல்லையையும் கடந்தது.

இந்தியாவின் 1987ஆம் ஆண்டுத் தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொலிஸ் அத்தியட்சகர் நிலையினர் பெறும் ஒப்புதலை ஏற்புடையதாக்கிற்று. 1994இல் கர்த்தார் சிங் வழக்கிலே ஐவரில் மூவர் அதனை ஏற்றனர், இருவர் மறுத்தனர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் இருபத்தறுவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுட் பத்தொன்பதின்மரை விடுவித்தது. பயங்கரவாதக் குற்றம் நிறுவப்படவில்லை எனக் கூறிய அதே தீர்ப்பு, அச்சட்டத்தின் கீழ்ப் பெற்ற ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்கு எடுத்துக்கொண்டது. நால்வரின் மரண தண்டனை அப்போது உறுதியாயிற்று. அவர்களுள் ஒருவரான பேரறிவாளன், தான் வாங்கிக்கொடுத்த மின்கலங்கள் எதற்கு என்பது தனக்குத் தெரியாது எனக் கூறிய பகுதியை வாக்குமூலத்திற் சேர்க்கவில்லை என்று, அதனைப் பதிவுசெய்த அதிகாரியே 2013இல் வெளிப்படுத்தினார். பேரறிவாளன் 2022இல் விடுதலை பெற்றபோது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. ஒரு வாக்கியம் சேர்க்கப்படாமையின் விலை அது. தடாச் சட்டம் 1995இல் காலாவதியாயிற்று. அதே வழியைத் தொடர்ந்த 2002ஆம் ஆண்டின் பொடாச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் இந்தியா தன் பயங்கரவாதச் சட்டத்தில் பொலிஸ் ஒப்புதலை மீளச் சேர்க்கவில்லை.

7. முடிவுரை

பயங்கரவாதம் கற்பனையன்று. 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் இறந்தோரும், 2019 ஏப்பிரலில் ஆலயங்களிலும் விடுதிகளிலும் இறந்தோரும் நீதி கோரும் உரிமையுடையவர்கள். சாட்சிகள் அஞ்சிப் பின்வாங்கும் சூழலில் அரசு எதிர்கொள்ளும் இடரையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், பொய்யான ஒப்புதல் ஒன்று இரு தீமைகளைச் செய்கின்றது. குற்றமற்றவனைச் சிறையில் அடைக்கின்றது. குற்றவாளியைத் தேடும் முயற்சியை முடித்துவைக்கின்றது. ஒப்புதல் கிடைத்துவிட்டால் தடயம் தேடவேண்டியதில்லை என்ற மனப்பாங்கு விசாரணைத் திறனையே மழுங்கச் செய்கின்றது.

2017இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சிறப்பு அறிக்கையாளர் பென் எமர்சனிடம், இவ்வழக்குகளை விசாரித்த நீதிபதி ஒருவர், அவ்வாண்டு தாம் கையாண்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றிலே, பலவந்தத்தாலோ அச்சுறுத்தலாலோ பெறப்பட்ட சான்றை விலக்க நேர்ந்தது எனக் கூறியிருந்தார். நேர்மையுள்ள நீதிபதிகள் உளர் என்பதை இது காட்டுகின்றது. அதேவேளை, குடிமகனின் சுதந்திரம் நீதிபதி ஒருவரின் மனத்திட்பத்தில் மட்டும் தங்கியிருக்கலாகாது என்பதையும் இது உணர்த்துகின்றது. 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பன்னிரு மாதங்களாகக் குறைத்தது. நீதிமன்றை நாடும் வழியையும் திறந்தது. ஆயின் 16ஆம் பிரிவைத் தொடாமல் விட்டது. வேரை விட்டுக் கிளையைத் தறித்தமைக்கு இது ஒப்பாகும்.

இவ்வரலாற்றிலே மற்றொரு போக்கும் தெளிவாகின்றது. 1962இல் இவ்வகை விதி மேற்தட்டு அதிகாரிகளுக்காக ஆக்கப்பட்டது; 1972இல் தெற்கின் இளைஞருக்காக; 1979இல் தமிழ் இளைஞருக்காக. எண்பதுகளின் இறுதியில் மீண்டும் சிங்கள இளைஞர் அதன்கீழ் வந்தனர். 2019இன் பின்னர் முஸ்லிம்கள் வந்தனர். 2022இல் மாணவர் தலைவர்கள் வந்தனர். பிறருக்கென ஆக்கப்பட்டதெனக் கருதி ஒவ்வொரு பிரிவினரும் வாளாவிருந்த காலமெல்லாம், விதி தனக்குரிய அடுத்தவரைக் காத்திருந்தது.

எனவே, பயங்கரவாதம் பற்றி இயற்றப்படும் எச்சட்டத்தையும், அதன் பெயர் எதுவாயினும், மதிப்பிடுதற்கு நாம் முன்வைக்கும் அளவுகோல் எளியது. காவலிற் பெற்ற வாக்குமூலத்தை அது எவ்வாறு நடத்துகின்றது? சுமையை யார்மீது வைக்கின்றது? தண்டனைகளின் அளவும் அதிகாரிகளின் பதவிநிலையும் இவ்விரு வினாக்களுக்குப் பின்னரே வருதல் வேண்டும். 25ஆம், 26ஆம் பிரிவுகள் எல்லாக் குற்றங்களுக்கும் விலக்கின்றிப் பொருந்துதல் வேண்டும் என்பது புரட்சிகரமான கோரிக்கையன்று. 1895ஆம் ஆண்டின் குடியேற்ற அரசு தன் குடிகளுக்கு அளிக்கத் துணிந்ததைச் சுதந்திர அரசும் தன் குடிமக்கள் அனைவருக்கும் அளித்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.